கைமேல் உட்கார்ந்த டீச்சர்

அவர் உள்ளங்கைகளில் எப்போதும் கோரைப்பாயின் அச்சு இருக்கும். டீ டம்ளரை வாங்கக் கை நீட்டும்போதெல்லாம் நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன். கோடு கோடாக, சிவந்து போய்க் கிடக்கும். பாயில் சம்மணம் போட்டதும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு அவற்றின் மேலேயே உட்கார்ந்துவிடுவார். அப்புறம் எதிரில் இருக்கிற பிள்ளை என்ன திண்டாடினாலும் அந்தக் கைகள் வெளியே வராது.

கம்பம் போகிற ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் இரண்டு அறைகள். நடக்க வராத பிள்ளைகள், கை சரியாகப் புழங்காத பிள்ளைகள், சட்டைத் துணி மேலில் பட்டாலே அலறுகிற பிள்ளைகள் என்று வாரத்தில் நான்கு நாள் வருவார்கள். அந்த அறைகளைக் கூட்டுவதும், பாய் விரிப்பதும், பிள்ளைகள் வாயில் வைத்த சாமான்களைக் கழுவி வெயிலில் காயவைப்பதும் என் வேலை. நான் அஞ்சாவது வரை படித்தவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. டீச்சருக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. "பெரியம்மா இங்கன இருக்கிறது பிள்ளைகளுக்குத் தெரியவே மாட்டேங்குது. எனக்கு அதுதான் வேணும்," என்றார்.

டீச்சர் என்று நாங்களாகத்தான் வைத்துக்கொண்டோம். அவர் பாடம் நடத்துகிறவர் இல்லை. கதவுக்கு மேல் 'தொழில்வழிச் சிகிச்சை' என்று எழுதிய போர்டு இருந்தது. அதைப் படித்துவிட்டுத் தையல் மெஷின் கொடுக்கிறார்களா என்று கேட்டு மூன்று பெண்கள் ஒருநாள் வந்துவிட்டார்கள்.

"மெஷின் இல்லக்கா. இது பிள்ளைகளுக்கு," என்றார் டீச்சர்.

"பிள்ளைகளுக்கு என்ன டீச்சர் தொழிலு?"

"விளையாடுறது. சோறு அள்ளித் திங்கிறது. சட்டை மாட்டுறது. செருப்புப் போடுறது. அதுக வயசுக்கு இதான் தொழிலு. அது சரியா நடக்கலைன்னா அதுகளுக்கும் வேலை போன மாதிரிதான்."

வந்த பெண்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். நான் துடைப்பத்தோடு அங்கேயே நின்றேன். விளையாட்டைத் தொழில் என்று சொல்லி அதுவரை யாரும் நான் கேட்டதில்லை.

அவர் அல்லிநகரத்துக்காரர். தினமும் பஸ்ஸில்தான் வருவார். பிள்ளைகளிடம் இருந்த அந்தப் பொறுமையில் கால்வாசி கூட பஸ்காரர்களிடம் கிடையாது. இரண்டு நிமிஷம் பிந்தினால் கண்டக்டரிடம் சண்டைக்கு நிற்பார். சாப்பாட்டை நாலே வாயில் முடித்துவிடுவார். போனில் அவர் தம்பியோடு பேசுகிற சத்தம் தண்ணித் தொட்டிவரைக்கும் கேட்கும். அப்படிப்பட்டவர் பாயில் உட்கார்ந்தால் மட்டும் வேறு ஆள்.

காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற ஒருவர் தன் மகனைக் கூட்டிவந்தார். இரண்டாவது படிக்கிற பையன். எழுத்து கோணல்மாணல், பென்சிலை முஷ்டியில் பிடிக்கிறான் என்று வாத்தியார் திட்டுகிறாராம். டீச்சர் ஒரு மாதம் அவன் கையில் பென்சிலே கொடுக்கவில்லை. பாயில் குப்புறப் படுக்கவைத்துக் கோலி உருட்டச் சொன்னார். நண்டு மாதிரி நடக்கவிட்டார். நானும் என் பங்குக்கு ஈரத்துணியை அவனிடம் கொடுத்துப் பிழியச் சொல்ல வேண்டும்.

அப்பாக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் கேட்டேவிட்டார். "எழுதப் பழக்கச் சொன்னா எம்மகனைத் தரையில புரள விட்டிருக்கீக. நீங்களும் கையைக் கட்டிக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருக்கீக. இதைச் செய்ய நான் தோட்டத்து வேலையைப் போட்டுட்டு வரணுமா டீச்சர்?"

டீச்சருக்குக் கோபம் வரவில்லை. "உங்க தோட்டத்துல பந்தக்கால் ஊனாம கொடியை ஏத்துவீகளா?" என்றார்.

"அது எப்பிடி ஏத்துறது?"

"முதுகும் தோளும்தான் பந்தக்காலு. விரலு கொடி நுனி. இவனுக்கு உக்காந்தா முதுகு நிக்கல, மேசையில சாயுறான், பாத்தீகளா? முதுகு நின்னாத்தான் தோளு நிக்கும். தோளு நின்னா மணிக்கட்டு. விரலு கடைசி. நாம என்ன செய்யிறோம்னா, நுனியைப் பிடிச்சு இழுத்துட்டுக் கொடி வரலைன்னு திட்டுறோம்."

அவர் மறுவாரம் ஒரு பை நிறையத் திராட்சை கொண்டுவந்தார். "பறிக்கிறதுக்குப் பயலைத்தான் விட்டேன். கையைத் தலைக்கு மேல தூக்கிப் பறிக்கிறான்ல, தோளுக்கு ஆகும்ல?" என்று கேட்டார். டீச்சர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு வாத்தியார் எட்டிப் பார்த்தார்.

அவர் வேலையை அவரே ஒருமுறை எனக்குச் சொன்னார். "ரொம்ப லேசாக் குடுத்தா பிள்ளை தூங்கிப்போகும். ரொம்பக் கஷ்டமாக் குடுத்தா அழுதுபோகும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கு பெரியம்மா. அதைத் தேடிப் பிடிக்கிறது மட்டும்தான் என் வேலை. பிடிச்சுட்டா அப்புறம் நான் சும்மா இருக்கணும். அந்தச் சும்மா இருக்கிறதுதான் எனக்கு வராது. அதான் கையை அடியில போட்டு அமுக்கி வச்சிருக்கேன்."

அது எல்லா நாளும் பார்க்கச் சகிக்கிற காரியமாக இருக்காது. ஒரு சிறுமி தன் சட்டைப் பட்டனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். விரல் நழுவுகிறது, மூக்கு ஒழுகுகிறது, அழுகை வரப்போகிறது. டீச்சர் போனில் பேச வெளியே போன நேரம் பார்த்து நான் குனிந்து அந்தப் பட்டனைப் போட்டுவிட்டேன். திரும்பி வந்தவர் பட்டனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க ஒரு பட்டன் போட்டீக. அவளுக்கு ஒரு பட்டன் போச்சு," என்றார்.

அன்று முழுக்க அவரைக் கல்நெஞ்சு என்று மனசுக்குள் வைதேன்.

ஆனால் நாலு வயதுப் பையன் ஒருவன் முதன்முதலாகத் தவழ்ந்து அந்த அறையின் வாசப்படியைத் தாண்டியதையும் நான்தான் பார்த்தேன். படியில் வயிறு மாட்டிக்கொண்டது. தூக்கிவிட அவன் அம்மா இரண்டு தடவை எழுந்தாள். இரண்டு தடவையும் டீச்சர் கண்ணாலேயே உட்காரவைத்தார். சாப்பாட்டு மணி அடித்து, பிள்ளைகள் எல்லாரும் தட்டுக் கழுவிவிட்டுப் போனபிறகு அவன் அந்தப் பக்கம் தொப்பென்று விழுந்தான். விழுந்து சிரித்தான். அவன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூச்சமாகக் கேட்டாள். "வாசப்படி தாண்டினா கொழுக்கட்டை அவிப்பாக டீச்சர். நாலு வயசுல அவிச்சா ஊரு சிரிக்குமோ?"

"படி தாண்டுனதுக்குத்தான அவிக்கிறது? வயசுக்கா அவிக்கிறாக? எனக்குப் பத்து வேணும்," என்றார். மறுநாள் நாலு வாயில் பத்தையும் முடித்தார்.

இனி என் கதைக்கு வருகிறேன். சொல்லாமல் விட்டால் அவரைப் பற்றிச் சொன்னதாக ஆகாது.

என் பக்கத்து வீட்டில் செல்வி என்ற பெண். விடியும் முன்னால் ஜீப்பில் ஏறி, மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவள். இருட்டிய பிறகுதான் திரும்புவாள். அவள் கைக்குழந்தை யாழினி பகல் முழுக்க என் பொறுப்பு. என்னோடு அந்த அறைக்கும் வந்துவிடும். மூலையில் சாக்கு விரித்து விட்டுவிடுவேன்.

ஐந்தாம் மாதத்திலிருந்தே அந்தப் பிள்ளைக்கு எல்லாம் நொட்டாங்கைதான். கிலுகிலுப்பை நீட்டினாலும் இடது கை. என் தாலிக்கயிற்றை இழுத்தாலும் அந்தக் கை. தெருவில் ஒருத்தி, "என்னத்தா, நொட்டாங்கைக்காரியா வளக்குற? நாளைக்குப் பந்தியில அந்தக் கையால அள்ளித் தின்னா எவன் பக்கத்துல உக்காருவான்?" என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. நானும் பிறந்தபோது நொட்டாங்கைக்காரிதான். என் அய்யா அந்தக் கையைத் துணியால் இடுப்போடு கட்டி வைத்துத்தான் எனக்குச் சோத்தாங்கைப் பழக்கம் வந்தது. எனக்கு வந்தது இவளுக்கும் வரும் என்று நினைத்தேன். பழைய வேட்டியில் ஒரு முழம் கிழித்து, அவள் இடது கையை அரைஞாண் கயிற்றோடு சேர்த்துக் கட்டினேன். எட்டாம் மாதத்திலிருந்து, வீட்டில் இருக்கிற நேரமெல்லாம். பள்ளிக்கூட கேட்டுக்கு முன்னால் அவிழ்த்துவிடுவேன். டீச்சர் வைவார் என்று தெரியும். தெரிந்தும் செய்தேன்.

இரண்டு மாதம் போனது. ஒருநாள் மத்தியானம் டீச்சர் சாப்பிட்டுவிட்டு யாழினி முன்னால் வந்து உட்கார்ந்தார். அவளுக்கு வலதுபக்கமாக ஒரு சிவப்பு மூடியை வைத்தார். இடது கை உடம்பைத் தாண்டி வந்து அதை எடுத்தது. மறுபடி வைத்தார். மறுபடியும் இடது கைதான் வந்தது. வலது கையை மெதுவாக விரித்துப் பார்த்தார். கட்டைவிரல் உள்ளே மடங்கிக் கிடந்தது. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "இவ அம்மாவை ஒருநாள் வரச் சொல்லுங்க பெரியம்மா," என்றார், அவ்வளவுதான்.

செல்வி ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்தாள்.

"நொட்டாங்கைப் பழக்கம் எங்க மாமனாருக்கும் உண்டு டீச்சர். அதான் இவளுக்கும் வந்திருக்கு."

"ஒண்ணரை வயசு வரைக்கும் பிள்ளைக்கு ரெண்டு கையும் ஒண்ணுதான் செல்வி. சாமான் எந்தப் பக்கம் கெடக்கோ அந்தக் கை போகும். பத்து மாசத்துல ஒரே கை எல்லா வேலையும் பாத்தா அது பழக்கம் இல்ல. இன்னொரு கை கூப்பிட்டா வரலைன்னு அர்த்தம். எப்ப இருந்து இப்பிடி?"

"இப்பத்தான் டீச்சர். ஒம்பதாம் மாசம் சோத்தாங்கையில தடுப்பூசி போட்டாக. அந்த வலியாத்தான் இருக்கும்."

"ஊசி வலி ரெண்டு நாள்ல போயிரும். அதுக்கு முந்தி ரெண்டு கையும் வந்துச்சா?"

"வந்துச்சுன்னுதான் நெனைக்கிறேன். நான் பகல்ல எங்க பிள்ளையப் பாக்குறேன்? வீரபாண்டித் திருவிழா முடியட்டும் டீச்சர், அதுக்குள்ள சரியாப் போகும்."

திருவிழாவுக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. டீச்சர் கைகளைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். யாழினியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் கதவோரம் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆறாம் வாய்ப்பாடு முடிந்தது, ஏழு முடிந்தது. டீச்சர் அசையவில்லை. எட்டாம் வாய்ப்பாடு நடுவில் என் வாய் திறந்துகொண்டது.

"ஊசிக்கு முந்தியே டீச்சர். அஞ்சாம் மாசத்துல இருந்தே," என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. "நான் அந்தக் கையைக் கட்டி வச்சேன். நொட்டாங்கைப் பழக்கம் போகணும்னு. கட்டி வச்சாலும் சோத்தாங்கை வரல டீச்சர். முன்னால பொரி உருண்டை வச்சா, கையை நீட்டாம குனிஞ்சு வாயைக் கொண்டுபோகுது."

செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுதப்போவதில்லை.

டீச்சர் கைகளை வெளியே எடுத்தார். போனை எடுத்து, தேனியில் ஒரு மூளை நரம்பு டாக்டரிடம் அன்றைக்கே பேசினார். "வாயைக் கொண்டுபோகுது சார், கை வரல," என்று நான் சொன்ன வார்த்தையையே சொன்னார். அந்த வாரமே ஸ்கேன் எடுத்தார்கள். பிறக்கும்போதோ அதற்கு முன்னாலோ மூளையில் ஒரு பக்கம் சின்னதாக அடிபட்டிருக்கிறது, அதனால்தான் வலது பக்கம் சுணக்கம் என்றார்கள். ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"நான் கட்டுனதாலயா டீச்சர்?" என்று மட்டும் ஒருநாள் கேட்டேன்.

"இல்ல. அது அதுக்கு முந்தியே உள்ளது. ஆனா ரெண்டு மாசம் அந்தப் பிள்ளை ரெண்டு கையும் இல்லாம உக்காந்திருந்திருக்கு. அதையும் நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்." அப்புறம், "மணிக்கட்டுல துணித் தடம் இருந்துச்சு. அந்தச் சிவப்பு மூடியை வச்ச அன்னைக்கே பாத்தேன்," என்றார்.

"பெறகு ஏன் டீச்சர் எங்கிட்ட கேக்கல?"

"கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பீக."

உண்மைதான். சொல்லியிருப்பேன். இல்லை என்று சொல்லிவிட்டால் அதைக் காப்பாற்ற இன்னும் நாலு சொல்லியிருப்பேன். அன்று அவர் கையின் மேல் உட்கார்ந்தது யாழினிக்காக என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

செல்வி பத்து நாள் என்னோடு பேசவில்லை. பிள்ளையைச் சுருளிப்பட்டியில் அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். பதினோராம் நாள் விடியற்காலை ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, கதவைத் தட்டி, ஒரு வார்த்தை பேசாமல் யாழினியை என் மடியில் வைத்துவிட்டு ஓடினாள். "பால் குடிச்சுட்டாளாடி?" என்று நான் கத்தினேன். "குடிச்சுட்டா அத்தை," என்று ஜீப்பிலிருந்து குரல் வந்தது.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு டீச்சர் பயிற்சியைத் தொடங்கினார். முதல் நாள் என்னிடம், "அந்த வேட்டித் துணி இருக்கா பெரியம்மா?" என்றார். எரித்துவிடலாம் என்று வைத்திருந்தேன். கொடுத்தேன். அதைக் கை உறை மாதிரி தைத்து, யாழினியின் இடது கையிலேயே மாட்டினார்.

"நான் செஞ்சதைத்தான டீச்சர் நீங்களும் செய்யிறீக?"

"துணி அதுதான். நீங்க கட்டிப்போட்டுட்டு அடுப்படிக்குப் போனீக. இப்ப அரைமணி நேரம் மாட்டி, எதிர்ல உக்காந்து, வராத கைக்கு என்ன வேலை முடியுமோ அதைக் குடுக்கணும். எடுக்க முடியாது. தட்டிவிட முடியும். அங்கன இருந்து ஆரம்பிங்க. அழுதா உடனே கழட்டிருங்க."

பிளாஸ்டிக் டம்ளர்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். வீட்டிலும் அடுக்கினேன். தினமும் அரைமணி நேரம். அவள் டம்ளரைப் பார்ப்பாள், உறை மாட்டிய கையைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். அந்த வலது கையைப் பிடித்து ஒரு தட்டு தட்டிவிட என் விரல் துடிக்கும். பதினேழாவது நாளோ பதினெட்டாவது நாளோ, தோளிலிருந்து அந்தக் கை மொத்தமாக ஒரு கட்டை மாதிரி சுழன்று வந்து டம்ளரில் இடித்தது. எல்லாம் சரிந்து வீடெங்கும் உருண்டது. அவள் பயந்து, பிறகு கெக்கலி கொட்டினாள். உருண்டதைப் பொறுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன், என் உள்ளங்கை இரண்டிலும் பாயின் கோடு.

அடுத்த வருஷம் டீச்சருக்கு வேறு மாவட்டத்தில் வேலை கிடைத்தது. கடைசி நாள் பஸ் இருபது நிமிஷம் பிந்தியது. அன்றைக்கு மட்டும் யாரோடும் சண்டை போடவில்லை. யாழினியின் வலது கையை விரித்து, மூடி, விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். "இது முழுசா வராது பெரியம்மா. வரும்னு யாரும் சொன்னா நம்பாதீக. அந்தக் கைக்கு இது கூடமாட வேலை பாக்கும். அது போதும். அதைச் செய்ய மட்டும் விடுங்க," என்றார். போனபிறகு இரண்டு முறை போனில் பேசினார். எனக்குத்தான் போனில் பேச வராது. உம் கொட்டியே வைத்துவிட்டேன்.

யாழினிக்கு இப்போது ஏழு வயது. நொட்டாங்கைதான் அவளுக்குச் சோத்தாங்கை. தெருவில் யார் சிரித்தாலும் அவளே பதில் சொல்லிக்கொள்கிறாள். என்னைப் போல் வாயில்லாப்பூச்சி இல்லை.

நேற்று ஒரு கூடை மொச்சைக்காயைக் கொட்டிக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். வலது கையால் காயை மடியோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு இடது கையால் பிளக்கிறாள். ஒரு காய் நழுவும். தேடி எடுப்பாள். மறுபடி அமுக்குவாள். நான் ஒரு கூடை உரிக்கிற நேரத்தில் அவள் ஒரு கை அளவு உரிப்பாள். செல்வி ஜீப்பிலிருந்து இறங்கி வந்து, "குடுடி, நான் உரிச்சுத் தர்றேன்," என்றாள். "நீ போம்மா," என்றாள் யாழினி. செல்வி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கடைசிக் காய் மூன்று தடவை நழுவியது. யாழினி பல்லைக் கடித்துக்கொண்டு அதோடு மல்லுக்கு நின்றாள். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஏன் அப்பத்தா, எப்பப் பாத்தாலும் கையை அடியில போட்டு உக்காந்திருக்கீக?"

"குளுருது தாயி," என்றேன்.

சித்திரை மாதம். இருட்டிய பிறகும் ஓடு அனலாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மறுபடி காயை எடுத்தாள்.